‘ஒண்ணுமில்ல… நீ போய்ப் படி!’

திருச்சியில் ஒரு மருத்துவமனை. டயாலிசிஸ் பிரிவில் முதல் ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு. ஐந்தே முக்காலுக்கே கதவுக்கு வெளியே பெஞ்ச் நிறைந்துவிடுகிறது. கடைசியில், சுவரோரமாக, பள்ளிச் சீருடையில் ஒரு பையன். பன்னிரண்டாம் வகுப்பு. மடியில் துணிக்கடைக் கட்டைப்பை. அதற்குள் ரிப்போர்ட் ஃபைல், பெட்ஷீட், இட்லி டப்பா, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், ஓரமாகச் செருகிய இயற்பியல் கைடு. அப்பாவை எடை மெஷினில் ஏற்றி, முள் நின்ற இடத்தைப் பார்த்து, பாக்கெட்டிலிருந்த சின்ன நோட்டில் குறித்துக்கொண்டான்.

“ரெண்டே முக்கால் ஏறியிருக்குக்கா. ரெண்டுக்குள்ள இருக்கணும்.”

ஏறியது சதை அல்ல, நீர். சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பில் குடித்ததெல்லாம் தங்கிவிடும். அதை மெஷின்தான் இழுத்தெடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை. இதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பொட்டாசியம் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டால் ஃபைலைத் திறக்காமலே சொல்கிறான்.

“அப்பாவுக்கு இனிமே எப்படி இருக்கும்னு டாக்டர் என்ன சொல்றார்?” என்று கேட்டேன்.

“அது அம்மாவுக்குத்தான் தெரியும். என்கிட்ட யாரும் சொன்னதில்ல.” கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, “நான் யூடியூப்ல பாத்துட்டேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க” என்றான்.

இரண்டரை வருடமாக அவன் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். மருந்துச் சீட்டுக்கு அவன் ஓடுகிறான், காப்பீட்டு கவுன்ட்டர் வரிசையில் அவன் நிற்கிறான், ரத்தப் பரிசோதனை முடிவை அவன் வாங்கி வருகிறான். நோயைப் பற்றி அவனிடம் வீடு சொல்லியிருக்கும் ஒரே வாக்கியம், “ஒண்ணுமில்ல, நீ போய்ப் படி.”

அந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

எண்ட் ஸ்டேஜ்

2006. மணப்பாறையில் நான் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா தையல்காரர். கால் வீங்கியது, சாப்பாடு பிடிக்கவில்லை, மெஷினை மிதிக்கும்போதே மூச்சு வாங்கியது. திருச்சிக்குப் போய்வந்த அன்று அம்மா சொன்னது, “யூரின்ல கொஞ்சம் இன்ஃபெக்‌ஷனாம். மருந்து சாப்பிட்டா சரியாயிடும்.” அடுத்த மாதம் அப்பாவின் இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. “ரத்தக்குழாய்ல சின்ன ஆபரேஷன்.” அதற்கடுத்த மாதத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலைப் பேருந்து. வாரம் இரண்டு தடவைதான் எங்களுக்குக் கட்டுப்படியானது. அம்மாவின் கழுத்துச் சங்கிலி போய் மஞ்சள் கயிறு வந்தபோதுகூட, “ஒண்ணுமில்ல.”

ஓர் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு பீரோவின் மேலிருந்த ஃபைலை எடுத்தேன். அடுப்படி விளக்கில் ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். ‘எண்ட் ஸ்டேஜ் ரீனல் டிசீஸ்’ என்று ஒரு வரி. ரீனல் என்ற சொல்லை மறுநாள் பள்ளி நூலக அகராதியில் தேடினேன். எண்ட் என்ற சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை.

அப்பா அடுத்த வாரமே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ‘எண்ட் ஸ்டேஜ்’ என்பது சிறுநீரகத்தின் வேலை முடிந்துவிட்டது என்பதைக் குறிக்கும் மருத்துவச் சொல், மனிதர் முடிந்தார் என்று அர்த்தமில்லை, டயாலிசிஸ் செய்துகொண்டு பல வருடம் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை எடுத்துச் சொல்ல யாருமில்லை. கேட்கவும் முடியாது. கேட்டால் ஃபைலைத் திருட்டுத்தனமாகப் படித்தது தெரிந்துவிடும். ஐந்து மாதம் தினமும் பள்ளிவிட்டுத் தெருமுனை திரும்பும்போது வாசலில் கூட்டம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவேன்.

பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று பெற்றவர்கள் மறைக்கிறார்கள். தெரிந்தது தெரியக்கூடாது என்று பிள்ளை மறைக்கிறது. ஒரே வீட்டுக்குள் இரண்டு நாடகம். சின்னக் குழந்தையை ஏமாற்றிவிடலாம். பதினைந்து பதினாறு வயதில் சாவு என்றால் என்ன என்று பெரியவர்களைப் போலவே புரியும். கையில் போனும் இருக்கிறது. நாம் சொல்லாததை அது சொல்லும், ஆனால் நம் அப்பாவைப் பற்றிச் சொல்லாது. உலகத்திலேயே மோசமாக முடிந்த கதையைக் கொண்டுவந்து காட்டும்.

தண்ணீர் கேட்ட அப்பா

வீட்டில் எனக்கு யாரும் வேலையைப் பிரித்துக் கொடுக்கவில்லை. தானாக வந்து சேர்ந்தது. அம்மா வயல் வேலைக்குப் போக ஆரம்பித்ததும் அடுப்படி எனக்கு. அப்பாவுக்குத் தனிச் சமையல். காயைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீர் ஊற்றி வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். பொட்டாசியம் அதில் இறங்கிவிடும். இளநீர், வாழைப்பழம், கீரை, உருளைக்கிழங்கு எல்லாம் விலக்கு. மற்ற நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆசையாக வாங்கி வரும் இளநீர், எங்கள் வீட்டில் விஷம் மாதிரி. வாங்கி வந்தவர் மனம் கோணாமல் அதைத் திருப்பி அனுப்புவதும் என் வேலைதான்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை தண்ணீர். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டாக்டர் அளவு போட்டிருந்தார். காபி, ரசம், மாத்திரை போட்டுக்கொள்ளும் தண்ணீர் எல்லாம் சேர்த்து. ஒரு பாட்டிலில் காலையிலேயே அளந்து வைத்துவிடுவேன். சித்திரை வெயிலில் மதியத்துக்குள் அது தீர்ந்துவிடும். ராத்திரி அப்பா கூப்பிடுவார். “பாப்பா… ஒரே ஒரு மடக்கு.”

தண்ணீர் கேட்டால் எதிரிக்கும் இல்லை என்று சொல்லக்கூடாது என்று வளர்த்த வீடு. நான் இல்லை என்று சொல்வேன். துணியை நனைத்து உதட்டைத் துடைத்துவிடுவேன். ஒருநாள் அவர் எழுந்துபோய்ப் பானையில் மொண்டு குடித்ததைப் பார்த்து, டம்ளரைப் பிடுங்கி எறிந்தேன். “குடிச்சுட்டு மூச்சு முட்டினா யாரு தூக்கிட்டு ஓடுறது?” என்று கத்தினேன். அப்பா ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். பதினாறு வயதில் நான் அவருக்கு அம்மாவாகவும் ஜெயிலராகவும் ஆகியிருந்தேன். அந்த டம்ளர் தரையில் உருண்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

அமெரிக்காவில் குடும்ப சிகிச்சை முறையை வளர்த்தெடுத்தவர்களில் ஒருவரான சால்வடோர் மினுச்சின், இப்படிப் பெற்றவரின் இடத்துக்கு நகர்த்தப்படும் பிள்ளைகளைப் பற்றி 1960-களிலேயே எழுதியிருக்கிறார். பிள்ளை வீட்டு வேலை செய்வதே தவறு என்று அவர் சொல்லவில்லை. நம் ஊரில் அப்படிச் சொன்னால் யாரும் ஏற்கவும் மாட்டார்கள், ஏற்கவும் வேண்டாம். வேலைக்கு ஓர் எல்லை இருந்து, அதைக் கொடுத்தவர் யார் என்பது தெளிவாக இருந்தால் பிள்ளை அதில் தேர்ச்சியும் தைரியமும் பெறும். எல்லையே இல்லாமல், நாம் தவறினால் அப்பா உயிர் போய்விடும் என்ற பயத்தோடு செய்யும்போதுதான் அது நசுக்குகிறது.

குடுத்து வச்சவ

நோய் விசாரிக்க வரும் எல்லோரும் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவார்கள். “பொறுப்பான பொண்ணு. உங்கம்மா குடுத்து வச்சவ.”

அன்பில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பட்டத்தைச் சூட்டிய பிறகு அந்தப் பெண் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போகணும் என்று எப்படிக் கேட்பாள்? தலைவலிக்கிறது, இன்றைக்கு என்னால் முடியாது என்று யாரிடம் சொல்வாள்? எனக்கு வயிற்றுவலி வரும். டாக்டரிடம் காட்டினால் ஒன்றும் இருக்காது. அழுகை வராத பிள்ளைகளுக்கு இப்படி உடம்பு அழும் என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன்.

புரூஸ் காம்பாஸ் என்ற உளவியலாளரும் உடன் பணிபுரிந்தவர்களும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புற்றுநோய் வந்த பெற்றோரின் பிள்ளைகளைப் பற்றியது. அதில் மிக அதிகம் தவித்தவர்கள் தாய்க்கு நோய் வந்த வளரிளம் பெண்கள். நம் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பே தராது. அம்மா படுத்தால் அடுப்படியோடு தம்பியின் தலைவாரலும் அக்காவுக்கு வந்துவிடும். அதோடு, ‘இது எனக்கும் வருமோ’ என்ற பயமும்.

பையன்களின் பாரம் வேறு மாதிரி. அவர்களுக்கு வெளிவேலை: வரிசை, வண்டி, கடன் கேட்கப் போவது. “இனிமே நீதாண்டா வீட்டுக்கு ஆம்பள” என்று பத்தாம் வகுப்புப் பையன் தோளைத் தட்டிவிட்டுப் போகிற மாமாக்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். அவன் அப்பா உள்ளே உயிரோடு படுத்திருக்கிறார்.

வளரிளம் வயதுக்கு என்று ஒரு வேலை இருக்கிறது. வீட்டைவிட்டு மெல்ல வெளியே அடியெடுத்து வைக்கிற வேலை. நண்பர்கள், சண்டை, காதல், ஊர் சுற்றல், அப்பாவை எதிர்த்துப் பேசுவது எல்லாம் அதில் சேர்த்தி. நோய் அதே வயதில் பிள்ளையின் சட்டையைப் பிடித்து வீட்டுக்குள் இழுக்கிறது. எதிர்த்துப் பேச அப்பாவிடம் தெம்பில்லை. கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. அது தம்பி மேல் பாயும், வகுப்பில் பாயும், அல்லது காதில் ஹெட்செட்டாக உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் இவ்வளவு நடக்கும்போது கிரிக்கெட் பேசிக்கொண்டு சிரிக்கிறானே, கல்நெஞ்சன் என்று நினைக்க வேண்டாம். அந்த ஒரு மணி நேரச் சிரிப்பில்தான் மீதி இருபத்துமூன்று மணி நேரம் ஓடுகிறது.

யாரும் வெளியே சொல்லாத இன்னொன்றும் உண்டு. எப்போது இது முடியும் என்ற எண்ணம். எனக்கு வந்தது. மூன்றாவது தடவையாகப் பரீட்சைக்கு முந்தின இரவை ஆஸ்பத்திரித் தரையில் கழித்தபோது, இது முடிந்துவிட்டால் தேவலை என்று ஒரு நொடி தோன்றியது. அடுத்த நொடி நடுங்கிப்போனேன். அதற்குப் பரிகாரமாகச் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டு, ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டேன். பக்தர்களுக்காக அம்மனே இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி கிடக்கிற கோயில் அது. அப்பாவுக்காக நான் கிடந்தால் என்ன என்று கணக்குப் போட்டேன். அப்படி நினைத்த எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: அந்த எண்ணம் வந்ததால் நீ பாவியில்லை. நீ களைத்திருக்கிறாய். முடிய வேண்டும் என்று நீ நினைத்தது நோயை, அப்பாவை அல்ல.

அந்தப் பெஞ்ச் பையனுக்கும் ஒரு ரகசியக் கணக்கு இருந்தது. “எனக்கு வர்ற ஆவணியில பதினெட்டுக்கா. அப்புறம் என் கிட்னிய எடுத்துக்கலாம்ல?” உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது. பதினெட்டு நிறையாதவர் உயிரோடு இருக்கும்போது உறுப்பு தருவதைப் பொதுவாக அது அனுமதிப்பதில்லை. பதினெட்டு ஆனாலும் மருத்துவர்கள் தயங்குவார்கள், குறிப்பாகக் குடும்பத்தில் சர்க்கரை நோய் இருந்தால். அதே சிறுநீரகம் நாளைக்கு அவனுக்கே தேவைப்படலாம். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற ஒரு பதிவேடு இருக்கிறது, அதில் அப்பா பெயர் பதிந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இதை ஒரு டாக்டர் ஐந்து நிமிடத்தில் அவனுக்குச் சொல்லிவிடலாம். சொல்லாததால் அந்தப் பிறந்தநாளை நோக்கி அவன் ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டிருந்தான்.

மெஷின் ஓடுகிற சத்தம்

என்னை மீட்டது அப்பாதான். அரையாண்டுப் பரீட்சைக்கு முந்தின நாள். எப்படிக் கண்டுபிடித்தாரோ, ஃபைலில் தாள்கள் வரிசை மாறியிருந்ததைப் பார்த்தாரோ என்னவோ. “இங்க வா” என்று கூப்பிட்டு, என் விரல்களை எடுத்துத் தன் இடது மணிக்கட்டில், தையல் போட்ட தழும்புக்கு மேல் வைத்தார்.

“என்ன தெரியுது?”

தோலுக்குக் கீழே ஏதோ கிர்ரென்று அதிர்ந்தது.

“மெஷின் ஓடுற மாதிரி இருக்குப்பா.”

“ஆங்! ரெண்டு ரத்தக்குழாய ஒண்ணாத் தச்சு விட்டிருக்காங்க. ஃபிஸ்டுலான்னு பேரு. இதுலதான் ஊசி குத்தி ரத்தத்தை வெளிய எடுத்து, சுத்தம் பண்ணி உள்ள விடுறாங்க. இது எப்பவும் ஓடணும். தினம் ராத்திரி கைய வச்சுப் பாரு. ஓடலைன்னா உடனே சொல்லு.” பிறகு சொன்னார். “ரெண்டு கிட்னியும் போயிடுச்சு பாப்பா. திரும்ப வராது. மெஷின்ல போட்டா இருக்கலாம். எத்தனை வருஷம்னு டாக்டருக்கே தெரியாது. ஆனா இந்த மாசம் இல்ல, பயப்படாத. நீ ஒண்ணும் பண்ணி இது வரல. என்ன கேக்கணும்னாலும் என்கிட்ட கேளு.”

அழுதேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு அன்றுதான் விடியும்வரை தூங்கினேன்.

எந்த மனநல மருத்துவரிடமும் பயிற்சி பெறாத ஒரு தையல்காரர் அன்று செய்ததில் எல்லாமே இருந்தது என்று இப்போது தெரிகிறது. நோய்க்குப் பெயர் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். பிழைத்துவிடுவேன் என்று பொய்ச்சத்தியம் செய்யவில்லை. உன் தவறில்லை என்றார். கையளவான, ஒரு நிமிடத்தில் முடிகிற ஒரு வேலையை மட்டும் கொடுத்தார். தண்ணீர்ப் பாட்டிலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, “இது என் பொறுப்பு” என்றார். அவர் இன்னும் ஐந்து வருடம் இருந்தார்.

பள்ளியில் ஒரு டீச்சர், தாமதமாக வந்ததற்காக என்னை வாசலில் நிற்கவைத்திருக்கிறார். இன்னொரு டீச்சர், “செவ்வா வெள்ளி எப்ப வந்தாலும் காரணம் சொல்லாத, உள்ள வந்து உக்காரு” என்றார். பிறகு அதைப் பற்றி அவர் பேசவேயில்லை. அந்த ஒரு வாக்கியம் என்னைப் பள்ளியில் தக்கவைத்தது. பெரிய உதவிதான் செய்ய வேண்டும் என்பதில்லை.

யார் கணக்கிலும் இல்லாதவர்கள்

அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது, டயாலிசிஸும் அதில் வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வயிற்றின் வழியே வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸுக்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தப் பையை ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை கை கழுவி, கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி மாற்றிவிடுவது யார்? வெளிவரும் நீர் கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பது யார்? பல வீடுகளில் அது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

இங்கிலாந்தில் சால் பெக்கர், ஜோ ஆல்ட்ரிட்ஜ் என்ற ஆய்வாளர்கள் 1990-களின் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பேசினார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் நோயாளியைக் கவனிக்கிறீர்களா என்ற கேள்வி அங்கே சேர்ந்தது. 2014 சட்டத்தில் அந்தப் பிள்ளைகளின் தேவையை மதிப்பிடும் கடமை உள்ளாட்சிக்கு வந்தது. நார்வேயில் 2010 முதல், நோயாளிக்குச் சிறுவயதுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு என்ன தேவை என்று கவனிப்பது மருத்துவப் பணியாளரின் சட்டக் கடமை. நம் 2011 கணக்கெடுப்பில் அந்தக் கேள்வி இல்லை. நான் பார்த்த எந்த கேஸ் ஷீட்டிலும் ‘வீட்டில் படிக்கிற பிள்ளை உண்டா, அதற்கு விஷயம் தெரியுமா’ என்று ஒரு வரி இல்லை. ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகும்?

பலருக்குத் தெரியாத ஒரு வழியைச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் பிள்ளையின் படிப்பு நின்றுவிடாமலிருக்க மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தான நோயில் இருக்கும் பெற்றோரின் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம் என்று 2022 வழிகாட்டு நெறிமுறையிலேயே இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும். மனசு தாங்கவில்லை, பேச ஆளில்லை என்றால் 14416, குழந்தைகளுக்கு 1098. இரண்டும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

கம்பளி

அன்று டயாலிசிஸ் நடக்கும்போதே உள்ளே போய் அந்தப் பையனின் அப்பாவிடம் பேசினேன். லாரி ஓட்டியவர். “பையனுக்குத் தெரியுமாங்க?” என்றேன்.

“அவனுக்கு எதுக்குங்க? ப்ளஸ் டூ படிக்கிறான். மனசு கெட்டுடும்.”

பையன் யூடியூபில் பார்த்ததை நான் சொல்லவில்லை. என் அப்பாவின் கதையைச் சொன்னேன். ஃபைலை, டம்ளரை, மணிக்கட்டை. அவர் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது பெஞ்சில் பையன் இல்லை. கட்டைப்பையோடு அவன் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். எனக்குப் பகீரென்றது. உள்ளே ஓடினேன். அப்பா வழக்கமான கட்டிலில், கையில் இரண்டு குழாயோடு.

“மேட்ச்சுக்குப் போயிருக்கான். சனிக்கிழம என் தம்பி வரேன்னுட்டான். நாந்தான் போடான்னு அனுப்பினேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். “எல்லாத்தையும் சொல்லிட்டேங்க. ராத்திரி மொட்டமாடில உக்கார வச்சு. கிட்னி தர்றேன்னான், திட்டினேன். அழுதான். நானும்தான். அப்புறம் ஒண்ணு கேட்டான் பாருங்க. ‘ரத்தம் வெளிய போயிட்டு வர்றப்ப குளிருமாப்பா?’ன்னு. ரெண்டரை வருஷமா யாரும் என்னை அதக் கேக்கல. ஆமாண்டா, எலும்பு வரைக்கும் குளிரும்னேன்.”

அவர் கழுத்துவரை போர்த்தியிருந்தது பழைய பெட்ஷீட் அல்ல. பழுப்பு நிறத்தில், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத ஒரு புதுக் கம்பளி.